தொலைவு யாருக்கு? ஒரு வாசிப்புச் சவாலை முன்வைத்து

ஆறு மாதங்கள், மாதத்திற்கு ஒரு நூல். ஆறு நூல்களும் எளிதில் எட்டாத நிலங்களையோ, தனித்துவிடப்பட்ட ஊர்களையோ களமாகக் கொண்டிருக்க வேண்டும். ஆர்.கே.பேட்டையில் கூடிப் படிக்கும் நண்பர்களாகிய நாங்கள் எங்களுக்கு விதித்துக்கொண்ட வாசிப்புச் சவால் இதுதான். விதி எளியது; தேர்வுதான் கடினம். எந்த நூல்களைச் சேர்ப்பது, எவற்றை விடுவது, ஏன் என்பதைப் பற்றிச் சில கருத்துகளை இங்கே முன்வைக்க விரும்புகிறோம்.

இத்தகைய சவால்களுக்கென்று ஆங்கிலத்தில் புழங்கும் பட்டியல்களைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். துருவப் பனி, ஆளில்லாத் தீவு, பாலைவனக் கோட்டை, கலங்கரை விளக்கம். அங்கே போய்ச் சேருகிறவர் பெரும்பாலும் பெருநகரத்தவர். தனிமையில் தம்மைக் கண்டடைந்து திரும்புகிறவர். அந்த நிலத்தில் ஏற்கெனவே மனிதர்கள் வாழ்ந்தால் அவர்கள் வழிகாட்டியாகவோ, சமையற்காரராகவோ, விநோதமான பின்னணியாகவோ வந்து போவார்கள். 1719இல் வெளியான டேனியல் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ' இந்த வகைக்கு மூத்த முன்னோடி. குரூசோ அந்தத் தீவைத் தன் அரசாகவே எண்ணிக்கொள்கிறான். தான் காப்பாற்றிய மனிதனுக்கு ஒரு கிழமையின் பெயரைச் சூட்டிவிடுகிறான். அவனுடைய சொந்தப் பெயர் என்னவென்று அந்நாவல் கேட்பதே இல்லை.

நாங்கள் இந்தப் பட்டியல்களை அப்படியே ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறது. இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்ற நீண்ட பெயரைச் சுருக்கி ஆர்.கே.பேட்டை என்கிறோம். சென்னையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர்தான். ஆயினும் சென்னை நண்பர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால், திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் நடுவில் என்று விளக்க வேண்டியிருக்கிறது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் வரை திருத்தணி வட்டாரம் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின் தமிழகம் வந்தது. பிறகு செங்கற்பட்டு மாவட்டம். 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, எந்தத் தலைநகரிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்குத்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழுமாகப் பேசி, தறியோசையோடு விழித்து உறங்கும் ஒரு நெசவூருக்குத் தான் தொலைவில் இருப்பதாக ஒருபோதும் தோன்றியதில்லை. சென்னைதான் எங்களுக்குத் தூரம்.

ஆகவே எங்கள் முதல் அளவுகோல் கிலோமீட்டர் கணக்கன்று. நூலுக்குள் அந்த நிலம் மையமாக இருக்கிறதா, அங்கே பிறந்தவர்களின் கண்ணால் உலகம் பார்க்கப்படுகிறதா என்பதையே முதலில் கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்கு மிகச் சிறந்த விடையாக ஈழத்திலிருந்து இரு நாவல்களைச் சொல்லலாம். இரண்டும் 1973இல் வந்தவை என்பது ஒரு நல்ல தற்செயல். ஒன்று, அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. முல்லைத்தீவுப் பகுதியில் காட்டை ஒட்டிய தண்ணிமுறிப்பு என்னும் சிற்றூர் அதன் களம். நிலத்துப் பொந்துகளில் வாழ்ந்து, தாழப் பறந்து, எளிதில் பிடிபட்டுவிடும் பறவையின் பெயரை, வெளியுலகின் சூது அறியாத பதஞ்சலி என்ற பெண்ணுக்கு உவமையாக்குகிறது நாவல். வேட்டையும் காடு வெட்டிச் செய்யும் வேளாண்மையும் அங்கே அன்றாட வேலைகள், சாகசங்கள் அல்ல. பின்னாளில் இனப்போர் அம்மக்களை ஊரைவிட்டு விரட்டியது. இன்று அந்நாவலைப் படிக்கையில், ஒரு வாழ்வு சிதைவதற்குச் சற்று முன் எடுக்கப்பட்ட பதிவாகவும் அது நம் கையில் இருக்கிறது.

மற்றொன்று செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. பாக்கு நீரிணையில் கிடக்கும் நெடுந்தீவுக்குப் பருவந்தோறும் வாடி அமைக்க வந்து சேரும் மீனவர்களுக்கும் தீவின் மக்களுக்கும் இடையே மூளும் உறவையும் பகையையும் அது சொல்கிறது. 1978இல் இலங்கையில் திரைப்படமாகவும் வந்தது. நெடுந்தீவுக்கு இன்றும் படகேறித்தான் போக வேண்டும். ஆனால் இந்நாவலில் தீவு தனித்துக் கிடப்பதாகவே தோன்றுவதில்லை. காற்று திரும்பினால் ஆள் வருகிறது, தொழில் வருகிறது, காதலும் கொலைவெறியும் வருகின்றன. நிலப்படத்தில் புள்ளியாகத் தெரிவது உள்ளே நின்று பார்த்தால் எத்தனை நெரிசலான உலகம் என்பதை இதைவிட எளிமையாகக் காட்டுவது கடினம்.

இரண்டாவது அளவுகோலில்தான் எங்களுக்குள் அதிக விவாதம் நடந்தது. ஒரு நிலம் தானாகவே தனித்திருக்கிறதா, தனிமைப்படுத்தப்பட்டிருக்கிறதா? மலையும் கடலும் இயற்கை. ஆனால் ஒரு மனிதன் அங்கிருந்து வெளியேற முடியாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் மலை காரணமில்லை. அந்தக் காரணத்தைத் தொட்டுக் காட்டும் நூலுக்கே முன்னுரிமை தரவேண்டும் என்பது எங்கள் முடிவு.

வால்பாறையை எடுத்துக்கொள்வோம். இன்று கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு பனி பார்க்கப் போகிற இடம். தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், தொழிலாளரிடம் தாம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்ற நாவலை எழுதினார். இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையின் வறண்ட சிற்றூரிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி தரும் முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். முன்பணம் கடனாகிறது, கடன் ஆண்டுக்காண்டு வளர்கிறது, அட்டையும் மலேரியாவும் உடலைத் தின்கின்றன. அவர்களைச் சிறைவைத்தது ஆனைமலையா? கணக்கேடுதான். அந்த மலையில் வெள்ளைத் துரைக்குச் சாலை இருந்தது, தேயிலைக்குச் சாலை இருந்தது. இறங்கிப் போக நினைத்த தொழிலாளிக்கு மட்டும் வழி இல்லை. தனிமை என்பது உற்பத்தி செய்யப்பட்ட பொருள் என்பதை இந்நாவல் நமக்குத் தெளிவாக்குகிறது.

இதன் இன்னும் கொடிய வடிவம் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் 1942-43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள ரயில்பாதையைக் காட்டுக்குள் போட்டனர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டனர், பெருந்தொகையினர் திரும்பவில்லை. அப்பாதையைப் பற்றி வெள்ளைக்கார போர்க்கைதிகளின் துயரத்தைச் சொல்லும் நூல்களும் திரைப்படமும் உலகப் புகழ் பெற்றுவிட்டன. தமிழ்த் தொழிலாளியின் பக்கத்தைச் சொல்ல மலேசியத் தமிழில் ஒரு நாவல் 1993இல்தான் வந்தது. 'தொலைதூர நிலங்கள்' என்ற தலைப்பில் நாம் இதைப் படிக்காவிட்டால் வேறு யார் படிப்பார்கள்?

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) பற்றி அதிகம் சொல்லத் தேவையிருக்காது. நண்பர்கள் பலரும் படித்திருப்பார்கள். அதன் அமைப்பு எங்கள் வாதத்திற்கு மிகவும் உதவுவது. முதற்பகுதியில் சத்தியமங்கலம் காடு சோளகர்களுக்கு வீடு. தெய்வம், விதைப்பு, வேட்டை, கூத்து எல்லாம் அங்கே நிறைந்திருக்கின்றன. இரண்டாம் பகுதியில் வீரப்பன் தேடுதல் வேட்டையின் பெயரால் அதிரடிப்படை நுழைந்ததும் அதே காடு கூக்குரல் வெளியே கேட்காத இடமாகிவிடுகிறது. காட்டில் ஒரு மரமும் இடம் மாறவில்லை. ஆயினும் பக்கங்களைப் புரட்டப் புரட்ட அந்த ஊர் நம்மைவிட்டு வெகுதூரம் விலகிப் போகிறது. சித்திரவதைக்கு வசதியான தூரம் அது.

தனிமையைச் சுமத்துகிறவர்கள் எப்போதும் வெளியிலிருந்தே வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் (1988) கடலோர முஸ்லிம் ஊரொன்றில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை ஊர்ப் பெரியமனிதரான முதலாளியே எதிர்க்கிறார். ஊர் ஒதுங்கிக் கிடக்கும்வரைதான் அவருடைய சொல் செல்லும். எந்தச் சிற்றூரிலும் இப்படி ஒருவரை நாம் அடையாளம் காண முடியும். ஒதுக்குப்புறத்தை வெள்ளந்தி மனிதர்களின் சொர்க்கமாக வர்ணிக்கும் நூல்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நாங்கள் கருதுவது இதனால்தான்.

மூன்றாவது அளவுகோல்: சாலை வரும்போது என்ன நடக்கிறது என்று நூல் கவனிக்கிறதா? ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' (1963) நீலகிரிப் படகர் சமூகத்தைப் பற்றியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலக்கணக்காகக் கொண்டு, பணப்பயிரும் மின்திட்டங்களும் வந்து பழைய வாழ்வை உருமாற்றும் கதை அதில் விரிகிறது. ஜெயமோகனின் 'காடு' (2003) நாவலில் கிரிதரன் காட்டுக்குள் வருவதே மாமாவின் ஒப்பந்தத்தில் சாலைக்கான கல்வெர்ட் கட்டும் வேலைக்காகத்தான். காட்டின் பேரழகில் கரைகிறவனும் அதற்குள் லாரி நுழைய வழி செய்கிறவனும் ஒரே ஆள். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் வங்க நாவல் 'ஆரண்யக்', த.நா. சேனாபதியின் மொழிபெயர்ப்பில் 'வனவாசி'யாக நமக்குக் கிடைத்திருக்கிறது. கல்கத்தாவில் படித்து வேலையற்றுத் திரிந்த இளைஞன் பீகாரின் காட்டுப்பகுதிக்கு எஸ்டேட் மேலாளராகப் போகிறான். காட்டை நேசிக்கத் தொடங்குகிறான். ஆனால் காட்டை அழித்துக் குடியானவர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுப்பதற்காகத்தான் அவனுக்குச் சம்பளம். நேசித்ததைத் தன் கையாலேயே அழித்தவனின் நினைவுக்குறிப்பு அந்நாவல். வெளியாள் எழுதும் நூல் நேர்மையாக இருக்க முடியும் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல சான்றை நாங்கள் அறியவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். மண்ணின் மைந்தர் எழுதியதை மட்டும்தான் படிக்க வேண்டுமா? ராஜம் கிருஷ்ணன் படகர் அல்லர். பாலமுருகன் சோளகர் அல்லர். டேனியல் தேயிலை பறித்தவர் அல்லர். எங்கள் நிலைப்பாடு அத்தகைய கட்டுப்பாடு அன்று. பிறப்பைவிடக் கவனமே முக்கியம். எழுதுகிறவர் அந்த மக்களின் வேலையை அறிந்திருக்கிறாரா என்று பாருங்கள். எந்தப் பருவத்தில் எதை விதைக்கிறார்கள், எந்தக் காற்றில் எந்த மீன் படும், கூலி எந்த நாளில் எவ்வளவு கிடைக்கும், கடன் யாரிடம் என்பதெல்லாம் நூலுக்குள் இருந்தால் அவர் அங்கே தங்கியிருந்து கேட்டிருக்கிறார் என்று பொருள். மாலை வெயிலும் மூடுபனியும் மட்டுமே இருந்தால் அவர் விருந்தினர் மாளிகையைவிட்டு வெளியே வரவில்லை என்று பொருள். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) உள்ளிருந்து எழுந்த குரல். கடலில் தத்தளிக்கும் மூவரின் தவிப்பினூடே ஒரு பரதவர் ஊரின் அரை நூற்றாண்டு சொல்லப்படுகிறது. அதன் தொழிற்சொற்கள் முதல் ஐம்பது பக்கங்களுக்கு நம்மைத் தடுமாறவைக்கும். அந்தத் தடுமாற்றம் நல்லது என்போம். ஒரு நிலத்துக்குள் நுழைய அம்மக்களின் சொல்லைக் கற்க வேண்டியிருப்பது நியாயமான நுழைவுக் கட்டணம்தான்.

அயல்நாட்டு நூல்களை நாங்கள் ஒதுக்கவில்லை. நார்வேயின் க்னூட் ஹாம்சன் எழுதிய பெருநாவலைக் க.நா.சு. 'நிலவளம்' என்று தமிழுக்குத் தந்தார். ஆளற்ற நிலத்தில் ஐசக் என்ற மனிதன் தனியனாக நடந்து போய், மண்ணைக் கொத்தி, குடிசை போட்டு ஓர் ஊருக்கு வித்திடும் கதை. ஹாம்சன் 1920இல் நோபல் பரிசு பெற்றார்; பிற்காலத்தில் நாஜிகளை ஆதரித்துப் பெரும் இழுக்கையும் தேடிக்கொண்டார். மண்ணின் மகிமை பேசும் எழுத்து எங்கே வழுக்கக்கூடும் என்று யோசிப்பதற்கும் இந்நாவல் இடம்தரும். சோவியத் பதிப்பகங்கள் வழியே வந்து சேர்ந்த சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரிய'ரையும் இதனருகில் வைத்துப் படிக்கலாம். கிர்கீசியச் சிற்றூரில், தானே அரைகுறையாக எழுத்தறிந்த ஒருவர் குதிரைக் கொட்டகையில் பள்ளி நடத்துகிறார். மீரானின் முதலாளி தடுத்த பள்ளிக்கூடத்தை இவர் கட்டுகிறார். இரண்டையும் ஒரே மாதத்தில் படித்தால் விவாதம் களைகட்டும்.

இன்னொரு வகைத் தனிமையையும் சேர்த்தாக வேண்டும். அதற்கு எங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகத் தேவையில்லை. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. சென்னைப் புறநகர் ரயில் இருக்கிறது. இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. போக்குவரத்து வசதியில் குறையே சொல்ல முடியாத ஓரிடத்தில், பதிவேட்டுக்கும் கணக்கெடுப்புக்கும் கட்டுப்பட்டு, பல பத்தாண்டுகளாகக் குடியுரிமையின்றி மனிதர்கள் வாழ்கிறார்கள். தமிழக முகாம்களில் வாழ்ந்த தொ. பத்திநாதன் எழுதிய 'போரின் மறுபக்கம்' (2007) அந்த வாழ்வைச் சொந்த அனுபவமாக முன்வைக்கும் நூல். இதை 'எட்டாத இடங்கள்' பட்டியலில் வைக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கட்டாயம் வைக்க வேண்டும் என்பதே எங்கள் பதில். அரைமணி நேரத்துக்கு ஒரு ரயில் ஓடும் இடத்திலும் ஒருவர் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட முடியும் என்றால், தொலைவைப் பற்றிய நம் எண்ணம் அடியோடு திருத்தப்பட வேண்டியதல்லவா?

ஆகவே எங்கள் ஆறு மாதப் பட்டியல் இவ்வாறு அமைகிறது. முதல் மாதம் 'நிலக்கிளி', இரண்டாம் மாதம் 'எரியும் பனிக்காடு', மூன்றாவது 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யும் துணையாக 'முதல் ஆசிரியர்' குறுநாவலும், நான்காவது 'வனவாசி', ஐந்தாவது 'சோளகர் தொட்டி', ஆறாவது 'போரின் மறுபக்கம்'. வேகமாகப் படிப்பவர்கள் இடையில் 'வாடைக்காற்'றையும் 'குறிஞ்சித் தே'னையும் சேர்த்துக்கொள்ளலாம். 'ஆழி சூழ் உலகு' ஒரு மாதத்தில் அடங்காது. அதைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

நூல்கள் கிடைப்பது பற்றி ஒரு சொல். ஈழத்து நாவல்கள் இரண்டும் 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ராஜம் கிருஷ்ணனின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடலாம். மற்றவற்றை இயன்றவர்கள் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஒருவர் வாங்கி நால்வர் படிப்பதிலும் தவறில்லை. வாங்குவார் இல்லாமல் போனால் இவ்வகை நூல்களே முதலில் அச்சிலிருந்து மறையும். எட்டாத ஊரைப் பற்றிய நூலும் எட்டாமல் போய்விடும்.

இத்தனை அளவுகோல்களை வைத்துக்கொண்டு ஆறு நூல்களுக்கு ஏன் இவ்வளவு சிரத்தை என்ற கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறோம். நெசவாளர் வாழ்வைப் பற்றித் தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953லேயே வந்துவிட்டது. செக் மொழிக்கும் போயிற்று. அது நெல்லைச் சீமையின் தறி. இரு மொழி பேசும், இரு மாநிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் வடக்கெல்லையின் தறியை மையமாக்கிய நாவலுக்காக நாங்கள் இன்னும் காத்திருக்கிறோம். இதற்கிடையில் கைத்தறி போய் விசைத்தறி வந்தது. விசைத்தறியும் போதாமல் பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பேருந்தேறித் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா என்ற சொற்களைப் பொருளோடு உச்சரிக்கும் தலைமுறை குறைந்துகொண்டு வருகிறது. அச்சொற்கள் ஒரு நூலில் பதியும் முன் மறைந்தால், பிற்காலத்தில் யாரோ ஒருவர் எங்கள் ஊரைப் பற்றி எழுதும்போது மாலை வெயில் மட்டும்தான் மிஞ்சும்.

தண்ணிமுறிப்பையும் நெடுந்தீவையும் அவ்வூரார் கண்ணால் பார்க்கப் பழகியவர்களில் ஒருவராவது தம் வீட்டுத் தறிக்குழியை அதே கண்ணால் பார்த்து எழுத உட்காரக்கூடும். எங்கள் ஆசை அவ்வளவுதான். இது நிறைவேற ஆறு மாதம் போதாது. ஆனால் ஆறு மாதத்தில் தொடங்கிவிடலாம். மலையோ, தீவோ, எல்லையோரச் சிற்றூரோ, தத்தம் பகுதியை மையமாகக் கொண்ட நூல்களை நண்பர்கள் எங்களுக்குச் சுட்டிக்காட்டினால் அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்வோம். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் அந்நூலிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்புமாறு வேண்டுகிறோம்.